அண்ணி சொன்ன அளவு

ஸார், உங்களுக்கு ஆபீஸில் பட்ஜெட் போடத் தெரியும். மேனேஜர் மூக்கில் விரல் வைக்கும்படி ஸ்டேட்மென்ட் தயாரிக்கத் தெரியும். முப்பது பேருக்கு எத்தனை கிலோ அரிசி போடணும் என்று தெரியுமா?

எனக்கும் தெரியாதுதான். ஆனால் போன கத்திரி வெயிலில் அந்தப் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. நான் பி.காம். அல்லவா! பி.காம். படித்தவன் எதற்கும் கணக்குப் போடுவான் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு மூடநம்பிக்கை.

எங்கள் ஊர் ஆரணி. பட்டுச்சேலை கட்டியவர்களுக்கும் பொன்னி அரிசி சாப்பிட்டவர்களுக்கும் அறிமுகம் தேவையில்லை. கோடை வந்தால் சுற்றுவட்டாரக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா களைகட்டிவிடும். பகலில் மகாபாரதச் சொற்பொழிவு, ராத்திரி விடிய விடிய தெருக்கூத்து. கடைசியில் ஒரு நாள் காலை துரியோதனன் படுகளம், சாயங்காலம் தீமிதி. மறுநாள் தர்மர் பட்டாபிஷேகம். சென்னை, ஓசூர், பெங்களூரு என்று சிதறிக் கிடக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் தீபாவளிக்கு டிமிக்கி கொடுத்தாலும் படுகளத்துக்கு வந்து நிற்பார்கள். தீமிதி முடியும்வரை வீட்டில் சைவம். பட்டாபிஷேகம் ஆனதும் கருவாட்டுக் குழம்பு. இதுதான் வழக்கம்.

அந்த இலாகா அம்மாவிடம் இருந்தது. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நடுவில் வந்த கோடையில் யாரையும் கூப்பிடவில்லை. இந்தத் தடவை அப்பா குழித்தறியில் உட்கார்ந்தபடி, நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எல்லாரையும் வரச் சொல்லு" என்றார்.

'எல்லாரிலும்' செய்யாறு அத்தை உண்டா என்று நான் கேட்கவில்லை. அந்தத் தறி இருக்கும் அறை யாருக்கு என்று பாகத்தகராறு வந்து, அப்பாவும் அவருடைய அக்காவும் பேசி ஆறு வருஷம். அம்மா சாவுக்கு அத்தை வந்தாள், அழுதாள், தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

சரி, மெனு. வீட்டில் இருந்த சமையல் புத்தகங்களையெல்லாம் கூடத்தில் பரப்பினேன். முதலில் எஸ்.மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்'. 1951-ல் முதல் பாகம் வந்து, கல்யாணம் ஆகிப் போகும் பெண்களின் பெட்டியில் புடவைகளோடு புடவையாக ஊர் ஊராகப் போன புத்தகம். கோபத்தில் சொன்ன மாதிரியே ஒரு தலைப்பு! என் கல்யாணத்துக்கு யாரோ பரிசளித்தார்கள். என் மனைவி அட்டையைப் படித்துவிட்டு, "இது உங்களுக்குத்தான் எழுதியிருக்காங்க" என்று என்னிடமே தள்ளிவிட்டாள். அடுத்தது மல்லிகா பத்ரிநாத்தின் ஒல்லிப் புத்தகங்கள். 1988-ல் இந்த வரிசையை ஆரம்பித்தாராம். பஸ்ஸில் போகும்போது சட்டைப்பைக்குள் சொருகலாம் போல இருக்கும். அப்புறம் வாரப் பத்திரிகைகளோடு வந்த இலவச இணைப்புகள் ஒரு கட்டு. '30 வகை' என்று போட்டிருப்பார்கள். அதில் இருபது, முதல் பத்துக்கே வேறு பெயர்.

படுகளத்தன்று சைவத்துக்கு மீனாட்சி அம்மாள் போதும். மோர்க்குழம்பு, பருப்பு ரசம் என்று குறித்துக்கொண்டேன். மறுநாள்தான் வம்பு. அந்த அம்மாள் பாவம், அய்யர் வீட்டுச் சமையல் எழுதியவர். அவரிடம் போய்க் கருவாட்டைப் பற்றிக் கேட்க முடியுமா?

அதற்குத்தான் அம்மாவின் நோட்டு. எண்ணெய்க் கறையும் மஞ்சள் விரல் ரேகையுமாக ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு. முன் பக்கங்கள் பாட்டி சொல்ல அம்மா எழுதியவை. எல்லாம் பலம், வீசை. 1956-ல் சட்டம் போட்டு மெட்ரிக் அளவைக் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. அரை வீசை என்றால் அரைக் கிலோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 40 பலம் ஒரு வீசை, அதாவது சுமார் 1.4 கிலோ. அரை வீசை 700 கிராம்! கால்குலேட்டரோடு உட்கார்ந்து ஒரு மாதிரி நேராக்கிக்கொண்டு வந்தேன். கருவாட்டுக் குழம்புப் பக்கம் வந்தது. மாங்காய் இவ்வளவு, முள்ளு கத்திரிக்காய் இவ்வளவு. (2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடிக் கத்திரிக்காய் ஸார், சாதாரணமாக நினைக்காதீர்கள்.) எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசி வரி: 'புளி - அண்ணி சொன்ன அளவு.'

அம்மாவுக்கு அண்ணி என்றால் அத்தை. செய்யாறு அத்தை.

யூடியூபில் தேடினேன். எல்லாரும் 'எலுமிச்சம்பழ அளவு' என்கிறார்கள். எந்த ஊர் எலுமிச்சம்பழம்? மனைவி சொன்னாள்: "பஸ் ஏறிப் போய்க் கேட்டுட்டு வாங்களேன்."

போனேன். அத்தை திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"இன்னாடா, உங்கப்பன் அனுப்புச்சானா?"

"இல்லத்தை. கருவாட்டுக் கொழம்புக்கு எவ்ளோ புளின்னு கேக்க வந்தேன்."

"எத்தினி பேரு?"

"முப்பது. கிலோவுக்கு எட்டுப் பேருன்னு நாலு கிலோ அரிசி கணக்கு வச்சிருக்கேன்."

அத்தை சிரித்தாள். "விடிய விடிய கூத்து பாத்தவன் வயிறு உன் கணக்குல வருமாடா? ஆறு கிலோ போடு."

நோட்டை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்தாள். நாலு வார்த்தை படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"நான் எங்கடா அளவு சொன்னேன்? அவ கரைச்சி ஊத்துவா. நான் பக்கத்துல நின்னு போதும்பேன். அவ நிறுத்துவா. அவ்ளோதான்."

"அப்போ நீ வந்துதான் போதும்னு சொல்லணும்."

"அத உங்கப்பன் சொல்லட்டும்."

ராத்திரி அப்பாவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பதில் இல்லை. தறிச் சத்தம் மட்டும் கேட்டது. சாப்பிட்டுக் கை கழுவியவர் ஈரத்தோடு என் போனை வாங்கினார். "நான்தான். வெள்ளிக்கிழம படுகளம்" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆறு வருஷத்துக்கு மூன்று வார்த்தை. சிக்கனத்தில் என்னைவிட அவர்தான் பி.காம்.

வியாழக்கிழமை ராத்திரியே அத்தை வந்துவிட்டாள், தன் வீட்டு உரல் உலக்கை தவிர மற்ற எல்லாவற்றோடும்.

வெள்ளிக்கிழமை என் மோர்க்குழம்பை யாரும் பாராட்டவில்லை. யாரும் மிச்சமும் வைக்கவில்லை. சனிக்கிழமை என் மனைவி புளியைக் கரைத்து ஊற்ற, அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஊற்றினாள், ஊற்றினாள், "போதும்."

பந்தியில் அப்பா முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தார். முப்பது பேரும் வேறு எதையோ பார்ப்பது போல் பார்த்தோம்.

"புளி தூக்கலாகீது" என்றார்.

"ஆறு வருசமா நாக்கு செத்துக் கெடக்குது உனுக்கு. எங்கேந்து தெரியும்?" என்றாள் அத்தை.

அப்பா இலையில் குழி பறித்தார். "சரி, இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஆறு கிலோ சோற்றில் மிஞ்சியது இரண்டு கைப்பிடி.

எல்லாரும் படுத்த பிறகு மீதிப் புளியை எடைபோட்டேன். வாங்கியது அரைக் கிலோ, மீதி 275 கிராம். ஆக, முப்பது பேருக்கு 225. நோட்டைத் திறந்து அந்த வரிக்குப் பக்கத்தில் '225 கிராம்' என்று எழுதினேன். தோளுக்குப் பின்னால் அத்தை நின்றிருந்தாள்.

"இந்த வருச மாங்கா புளிப்பு வேற, அடுத்த வருச மாங்கா புளிப்பு வேற. அழிடா."

பேனாவில் எழுதியிருந்தேன். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டேன்.