தடையில்லாச் சான்று

தலைநகருக்குப் படிக்க வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆய்வுக்கூடமும் விடுதியும் தவிர நான் கண்ட டில்லி மிகச் சிறிது. ஆயினும் சென்ற திங்களில் ஒரு நாள், ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையத்தில் இறங்கிக் கிழக்குக் கிட்வாய் நகருக்கு நடந்து சென்று, ஒரு கட்டிடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இந்தியப் போட்டி ஆணையம் அங்கேதான் இருக்கிறது. வேதியியல் மாணவனுக்கு அங்கே என்ன வேலை என்று நண்பர்கள் நகைத்தார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் அப்பா ஊரில் சிறு மருந்துக் கடை வைத்திருக்கிறார். 2015ஆம் ஆண்டில், நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, ஒரு மருந்துக் கம்பெனியின் மொத்த விற்பனை ஏஜென்சியை எடுக்க அவருக்கு ஆசை பிறந்தது. அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. கடையின் பின்னறைக்கு வெள்ளையடித்து, பலகை அலமாரிகள் அமைத்தோம். உரிமம் வந்தது, சரக்கு வரவில்லை. "உங்கள் வட்டார வியாபாரிகள் சங்கத்தின் தடையில்லாச் சான்றைக் கொண்டுவாருங்கள்" என்றது கம்பெனி. "இருக்கிற ஏஜென்சிகளே போதும், புதிதாக எதற்கு?" என்றது சங்கம். நான்கு மாதம் நடையாய் நடந்தார். பிறகு அலமாரிகளைக் கழற்றினார். வளையல்கள் வீடு திரும்பவே இல்லை.

"வழக்குப் போடக் கூடாதா அப்பா?" என்று கேட்டேன். "சங்கத்தைப் பகைத்துக்கொண்டால் இருக்கிற கடையையும் நடத்த முடியாதடா. நீ பேசாமல் படி" என்றார்.

இவ்வாண்டு எங்கள் விடுதிக்கு வந்த சட்ட மாணவர் ஒருவரிடம், சாப்பாட்டு வேளையில் இதை எதேச்சையாகச் சொன்னேன். அவர் உண்பதை நிறுத்திவிட்டு, "இது சட்டத்துக்கு விரோதமாயிற்றே!" என்றார். மருந்து வணிகர் சங்கங்கள் இவ்வாறு சான்று கேட்டுப் புதியவர்களைத் தடுப்பது போட்டியைக் கெடுப்பதாகும் என்று ஆணையம் 2012, 2013ஆம் ஆண்டுகளிலேயே உத்தரவிட்டிருந்ததாம். அதாவது, அப்பா நடந்து தேய்ந்த அந்த நான்கு மாதமும் சட்டம் அவர் பக்கத்தில்தான் இருந்தது. அவருக்குத்தான் அது தெரியவில்லை!

அன்றிரவு முதல் வேதியியலை ஒதுக்கி வைத்துவிட்டுச் சட்ட நூல்களைப் புரட்டலானேன். 1969ஆம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டம் பெரும்பாலும் நிறுவனங்களின் பருமனைக் கண்டு அஞ்சியது. ராகவன் குழு 2000ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. 2002இல் போட்டிச் சட்டம் பிறந்தது. பெரியதாய் இருப்பது குற்றமன்று, பெருமையைக் கொண்டு பிறரை நசுக்குவதே குற்றம் என்பது புதிய கொள்கை. ஆனால் ஆணையத்தின் தலைமையில் அமர வேண்டியவர் நீதிபதியா, நிபுணரா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2007இல் சட்டம் திருத்தப்பட்டது. கூட்டுச் சேர்ந்து போட்டியைக் கெடுப்பதைத் தடுக்கும் பிரிவு 2009 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது.

பொருளியலார்க்கும் சட்டத்தார்க்கும் உள்ள இப்பிணக்கு வீண் பிணக்கன்று. சிமெண்டு வழக்கைப் பாருங்கள். கூட்டுச் சேர்ந்து விலையை உயர்த்தினர் என்று 2012இல் ஆணையம் பதினொரு கம்பெனிகளுக்கு ஏறத்தாழ 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வாதத்தை நேரில் கேளாதவரும் தீர்ப்பில் கையொப்பமிட்டார் என்பதால் 2015இல் அது தள்ளுபடியாயிற்று. மறுபடியும் விசாரித்து 2016இல் மீண்டும் அபராதம் விதித்தார்கள். கணக்கு எவ்வளவு நுட்பமாயினும் முறை தவறினால் நீதி நிற்காது. முறை மட்டும் சரியாயிருந்து சந்தையின் இயல்பு புரியாவிட்டாலும் நீதி கிடைக்காது. இரண்டு கண்களும் வேண்டும்.

சங்கத்தின் பக்கமும் நியாயம் இருக்கலாமோ என்று எண்ணிப் பார்த்தேன். பெரிய கடைகள் வந்தால் சிறியவர்கள் அழிவார்கள் என்ற அச்சம் பொய்யன்று. ஆனால் அன்று தடுக்கப்பட்டவரே ஒரு சிறியவர்தானே! மேலும், கதவடைப்பின் விலையைக் கடைசியில் கொடுப்பவர் மருந்துச் சீட்டோடு நிற்கும் நோயாளி.

2023ஆம் ஆண்டுத் திருத்தம், அபராதத்துக்கு நிறுவனத்தின் உலக விற்றுமுதல் முழுவதையும் கணக்கில் கொள்ள வழி செய்தது. 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட இணைப்புகளையும் ஆணையத்தின் பார்வைக்குக் கொண்டுவந்தது. இவை வேண்டிய சீர்திருத்தங்களே. அதே திருத்தத்தில் இன்னொரு விதியும் கண்டேன்: முறையீட்டை மூன்று ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் தக்க காரணம் காட்ட வேண்டும். பழைய சாட்சியங்கள் மங்கிவிடும் என்பதால் இதுவும் நியாயமே. ஆனால் அறியாமை தக்க காரணமாகுமா? எட்டாண்டுகள் திறந்து கிடந்த கதவு, நாங்கள் அதைக் காணுமுன்னே சாத்தப்பட்டுவிட்டதோ என்று நெஞ்சு கனத்தது.

என் பெயரை மறைத்துவையுங்கள் என்று முறையிடுபவர் கேட்க விதி உண்டு. ஆனால் ஏஜென்சி கேட்டவர் ஒரே ஒருவராக இருக்கும் சிற்றூரில் எதை மறைப்பது? 2021இல் சென்னையிலும் ஆணையத்தின் அலுவலகம் ஒன்று திறந்தார்கள். மகிழ்ச்சி. எனினும், சட்டத்தின் சாரத்தைத் தாய்மொழியில் அச்சிட்டு, மருந்து உரிமம் கொடுக்கும்போதே ஒவ்வொருவர் கையிலும் சேர்த்தால் எத்தனை அலமாரிகள் கழற்றப்படாமல் நிற்கும்!

அப்பாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ தப்பு என்மேல் இல்லைன்னு சொல்றே?" என்றார்.

"இல்லை அப்பா" என்றேன்.

"அது போதும்" என்றார். அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை.