ஈய எழுத்தும் இறைபக்தியும்

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் கம்போசிட்டராகத் தொழில் பழகியவன் நான், குடியிருப்பு மட்டக்குளி. கோயில் கொடியேற்ற நோட்டீஸ், மாதா கோயில் நவநாள் புத்தகம், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம் எல்லாவற்றையும் ஒரே எழுத்துக் கேஸிலிருந்துதான் கோத்தோம். அடித்து முடிந்ததும் பக்கத்தைக் கலைத்து, எழுத்துகளை அதனதன் அறையில் போட்டுவிடுவோம். நேற்று 'கர்த்தர்' என்பதில் நின்ற 'க' இன்று 'கங்காணி' என்பதில் நிற்கும்.

கோப்பவன் எந்த வரியையும் ஓட்டமாக வாசித்துத் தாண்ட முடியாது. இடக்கையில் அச்சுக்கோக்கும் ஸ்டிக்கைப் பிடித்து, எழுத்தெழுத்தாக எடுத்துத் தலைகீழாக அடுக்க வேண்டும். அத்தனை மெதுவாகப் போகும்போது, எழுதியவர் எதை மனதாரச் சொல்கிறார், எதை மழுப்புகிறார் என்பது தெரிந்துவிடும்.

அதனால்தான் அமெரிக்காவில் அடிமைமுறையை எதிர்த்த வில்லியம் லொயிட் கரிசன்மீது எனக்குத் தனி மரியாதை. அவரும் அச்சுக்கோக்கப் பழகியவர். 1831 ஜனவரி 1ஆம் திகதி பொஸ்டனில் 'லிபரேட்டர்' பத்திரிகையைத் தொடங்கினார். அடிமைமுறை பாவம் என்பது அவருடைய விசுவாசம். பாவத்தைத் தவணை முறையில் கைவிடச் சொல்ல எந்த வேதத்திலும் இடமில்லை என்று நம்பினார். அதே போராட்டத்தில் நின்ற போதகர் எலைஜா லவ்ஜோய் அடிமைமுறையை எதிர்த்து எழுதியதற்காகக் கும்பல்கள் அவருடைய அச்சியந்திரங்களைத் திரும்பத் திரும்ப உடைத்தன. புதிதாக வந்திறங்கிய இயந்திரத்தைக் காக்க நின்றபோது, 1837 நவம்பர் 7ஆம் திகதி, இலினோய் மாநிலத்து ஓல்டன் நகரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அதே பொஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்ட் மிஷன்தான் யாழ்ப்பாணத்தில் அச்சகம் நடத்தி, 1841இல் 'உதயதாரகை' பத்திரிகையை வெளியிட்டது. தமிழ் அச்சு அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் 1845இல், அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி, சொக்டோ மக்களிடையே இருந்த தன் திருச்சபைகளிலிருந்து அடிமை வைத்திருந்தவர்களை விலக்க அந்த மிஷன் மறுத்தது. அதை ஏற்காத விசுவாசிகள் 1846இல் அமெரிக்கன் மிஷனரி சங்கத்தைத் தனியே அமைத்தார்கள். இரு தரப்பார் கையிலும் இருந்தது ஒரே வேதாகமம்தான்.

நம் நாட்டிலும் அச்சு ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்றதுண்டு. கொழும்பில் கோ. நடேசய்யர் 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கித் தோட்டத் தொழிலாளரின் துயரத்தை எழுதினார். தொழிலாளரைக் கடனால் தோட்டத்தோடு கட்டிவைத்த துண்டு முறை ஒழிந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கங்காணியின் கடன்பிடி விட்டபாடில்லை.

இன்று கணினியில் கோயில் மலரும் பங்குச் செய்திமடலும் பக்கம் அமைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வாழ்த்துச் செய்திகளுக்கும் நன்கொடையாளர் பட்டியலுக்கும் இடம் கொடுங்கள். அதே இதழில் சம்பளம் கிடைக்காத வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் தோட்டத்து லயத்துக்கும் ஒரு பக்கம் கேட்டு வாங்குங்கள். அந்தப் பக்கமும் வழிபாட்டின் பகுதிதான்.