பால் கொடுத்தால் கரு தங்காதா?

என் மூத்த மகளுக்கும் சின்னவனுக்கும் 14 மாதம்தான் வித்தியாசம். பார்க்கிறவர்கள் இரட்டைப் பிள்ளைகளா என்று கேட்பார்கள். சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அந்த 14 மாதக் கதையை இதுவரை வெளியில் சொன்னதில்லை.

எங்களுக்குச் செஞ்சிப் பக்கம் ரெண்டு ஏக்கர். கொஞ்சம் நெல், மீதி மானாவாரி மல்லாட்டை, ரெண்டு கறவை மாடு. மகள் தை மாதம் பிறந்தாள். அதன் பிறகு எனக்கு மாதவிலக்கு வரவில்லை. "பிள்ளை பால் குடிக்கிற வரைக்கும் கரு தங்காது, பயப்படாதே" என்றார் மாமியார். என் அம்மாவும் அதையே சொன்னார். நானும் நம்பினேன்.

ஐந்தாம் மாதத்திலேயே மகளுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்ட ஆரம்பித்தோம். ஆடியில் மல்லாட்டை விதைப்புக்கு நானும் போனேன். காலையில் பால் கொடுத்துவிட்டுப் போனால் மறுபடி மதியம் மூணு மணிக்குத்தான். ஐப்பசியில் மல்லாட்டை பிடுங்கும்போது ஒரே மயக்கம், வாந்தி. பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்தேன்.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு மகளைத் தூக்கிக்கொண்டு போனபோது, நர்ஸம்மா பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "ஏம்மா, இப்படி வெளுத்துப் போயிருக்கே?" சோதித்தால் மூணு மாதக் கரு. ரத்தம் 8 கிராம்.

"பால் கொடுக்கிறேனே, எப்படி?" என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "உங்க வீட்டு மாடு கறவையில் இருக்கும்போது சினை பிடிக்கிறதில்லையா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. கன்று போட்ட மூணாம் மாதம் மாட்டுக்குச் சினை ஊசி போட ஆள் கூப்பிடுகிறவளே நான்தான்.

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். பால் கொடுப்பது கருவைத் தடுக்கும். ஆனால் மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டும். பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது. தண்ணீர், கூழ் எதுவும் இல்லாமல் இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மாதவிலக்கு திரும்ப வந்திருக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் நம்ப முடியாது. அதோடு, முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்னாலேயே கருமுட்டை வந்துவிடும். அதனால் "இன்னும் குளிக்கவில்லையே" என்று காத்திருப்பதில் பயனில்லை.

சின்னவன் பங்குனியில், ஒரு மாதம் முன்னாலேயே பிறந்தான். 1 கிலோ 900 கிராம். எனக்கு ரத்தம் ஏற்றினார்கள். வளையல் அடகுக்குப் போனது. மூத்தவளுக்குப் பால் பாதியிலேயே நின்றது. அவள் என் முந்தானையைப் பிடித்து அழுததுதான் இன்றும் மனதில் நிற்கிறது.

ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கருவுக்கு ரெண்டு வருஷமாவது இடைவெளி வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அதற்கு வழி அரசு மருத்துவமனையிலேயே இலவசமாக உண்டு. காப்பர்-டி பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடலாம். விட்டால் ஆறு வாரம் கழித்து. அந்தரா ஊசி ஆறு வாரத்துக்குப் பிறகு, மூணு மாதத்துக்கு ஒருமுறை. அதில் மாதவிலக்கு முன்பின் ஆகலாம். நிறுத்தினாலும் கரு தங்கச் சில மாதம் பிடிக்கும். சாயா மாத்திரையில் ஹார்மோன் கிடையாது. முதல் மூணு மாதம் வாரம் ரெண்டு, பிறகு வாரம் ஒன்று. இவை தாய்ப்பாலைக் கெடுப்பதில்லை. ஆனால் தினமும் போடும் சாதாரண கருத்தடை மாத்திரையைப் பால் கொடுக்கிறவர்கள் ஆறு மாதம் வரை போடக் கூடாது. யாருக்கு எது சரிவரும் என்று பரிசோதித்துச் சொல்வார்கள்.

சின்னவன் பிறந்து ஆறு வாரம் கழித்து, ரத்தம் தேறிய பிறகு, எனக்குக் காப்பர்-டி போட்டார்கள். அது 10 வருஷத்துக்கு. அடுத்த வருஷம் எடுக்க வேண்டும். "இனிமே உங்க முறை" என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். ஆண்களுக்கான அறுவை சிகிச்சை பெண்களுடையதைவிடச் சுலபம். பலம் குறையாது, ஏர் ஓட்டலாம். ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க அது 0.3 சதவீதம்தான், பெண்களுடையது 37.9. அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

போன மாதம் கொழுந்தனார் மனைவிக்குப் பிரசவம். ஏழாம் மாதத்திலேயே நர்ஸம்மாவிடம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் கேட்க வைத்தேன். குழந்தை பிறந்த மறுநாளே, அவள் விருப்பப்படி காப்பர்-டி போட்டாகிவிட்டது. மாமியார் முதலில் முணுமுணுத்தார். பிறகு அவரே, "உனக்கும் அன்னைக்கே இதைச் செஞ்சிருக்கலாம்" என்றார்.

மாடு சினை பிடிக்கவில்லை என்றால் நாம் வெட்கப்படாமல் இந்தப் பத்திரிகைக்குக் கேள்வி எழுதுகிறோம். நம் உடம்பைப் பற்றியும் அப்படியே கேட்கலாம். பிரசவத்துக்கு முன்னாலேயே கேளுங்கள்.