எலும்பு போன இடத்தில் எலும்பு

ஆர்.எஸ்.புரத்தில் இருந்து மேட்டுப்பாளையம் ரோட்டுக்குத் திரும்பும் ஒரு பைக் மீது லாரி மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டிய பையனுக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு (டிபியா) உடைந்ததோடு, 5 சென்டிமீட்டர் துண்டு காணாமலே போய்விட்டது. மாவுக்கட்டு போட்டு என்ன பயன்? ஒட்டுவதற்கு எதிர்முனை பக்கத்தில் இல்லையே! "ஏனுங்க டாக்டர், காலைக் காப்பாத்திரலாமுங்களா?" இதுதான் அம்மாவின் முதல் கேள்வி.

இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு கணக்கு அதே மேட்டுப்பாளையம் ரோட்டில்தான் பிறந்தது. கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழுவினர் 109 டிபியா திறந்த காயங்களை ஆராய்ந்து, 2006ல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண். எலும்பு இழப்பு 4 செ.மீ.க்குள் என்றால் 4, அதற்கு மேல் 5. சர்க்கரை நோய், 65 வயதைத் தாண்டியது, சாக்கடை அழுக்கு போன்ற ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 2. மொத்தம் 14 வரை இருந்தால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம். 17ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பதே பெரும்பாலும் நல்லது. 15, 16 யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடம்.

சரி, கால் தப்பிவிட்டது. அடுத்த கேள்வி: "இன்னும் எலும்பு வெக்காம எதுக்குங்க காத்திருக்கறீங்க?"

காரணம் இருக்கிறது. களை எடுக்காத காட்டில் யாராவது விதைப்பார்களா? செத்த திசுவை அகற்றி, சதையும் தோலும் வைத்து மூடி, கிருமி இல்லை என்று உறுதி செய்த பிறகே எலும்பு வைக்க முடியும். அவசரப்பட்டால் வைத்த எலும்பும் சீழில் போகும்.

சின்ன இடைவெளிக்கு இடுப்பெலும்பில் சுரண்டி எடுத்த எலும்பே போதும். 5 செ.மீ.க்கு வேறு திட்டம் வேண்டும். பிரான்சின் மாஸ்கலே முறையில், இடைவெளியில் முதலில் எலும்பு சிமெண்ட் வைப்பார்கள். 6 முதல் 8 வாரத்தில் அதைச் சுற்றி ரத்த ஓட்டமுள்ள ஒரு சவ்வு வளரும். பிறகு சிமெண்டை எடுத்துவிட்டு, அந்தப் பைக்குள் எலும்புத் துகளை நிரப்புவார்கள். ரஷ்யாவின் இலிசரோவ் முறையில் வளையம் மாட்டி, எலும்பை ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் நகர்த்துவார்கள். 5 செ.மீ. நகரவே 50 நாள்! அது கெட்டிப்பட இன்னும் பல மாதம். காலின் சரியான நீளத்துக்கு அளவுகோல் நல்ல காலின் எக்ஸ்ரே.

ஆகவே காத்திருப்பது அலட்சியம் அல்ல, அதுவும் வைத்தியத்தில் ஒரு பகுதிதான். எத்தனை ஆபரேஷன், எத்தனை மாதம், எப்போது வேலைக்குப் போகலாம் என்பதை வீட்டார் முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பையன் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு: சிகரெட்டை விடுவது. புகை, எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.