மத்மூரா: மண்ணுக்குள் ஒரு நகரம்

உம்ராவை முடித்துத் திரும்பும் வழியில் நாலைந்து நாள் துருக்கியையும் பார்த்துவிட்டு வருவது இப்போது நம் பகுதியிலும் பரவிவிட்ட ஒரு வழக்கம். நாங்களும் அப்படித்தான் போனோம். நான், மனைவி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மூத்த மகள், ஊரவர்கள் சிலர். இஸ்தான்புல்லின் பள்ளிவாசல்களைப் பற்றி வாசக சகோதரிகள் நிறையவே வாசித்திருப்பீர்கள். ஆகவே அதை விட்டுவிட்டு, கப்பதோக்கியாவில் கழித்த ஒரேயொரு நாளைப் பற்றி மட்டும் சொல்லுகிறேன்.

கப்பதோக்கியா துருக்கியின் நடுப்பகுதியிலே, கடலுக்கு வெகுதூரத்தில் உள்ள மேட்டு நிலம். எர்ஜியெஸ், ஹசன் முதலிய எரிமலைகள் ஆதிகாலத்தில் கக்கிய சாம்பல் அடுக்கடுக்காகப் படிந்து மெதுவான பாறையாக இறுகிவிட்டது. மழையும் காற்றும் அதை அறுத்துக் கூம்பு கூம்பாக நிறுத்தியிருக்கின்றன. இரும்புக் கருவியால் செதுக்கினால் உதிரும். காற்றுப் பட்டால் மேற்பரப்பு இறுகும். அதனால்தான் அங்குள்ளவர்கள் வீடு கட்டுவதற்குப் பதிலாக வீடு குடைந்தார்கள். 1985இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலோர் அங்கே போவது விடியற்காலையில் பலூனில் ஏறுவதற்குத்தான். அதன் கட்டணத்தைக் கேட்டதும் மனைவி, “தரையில நின்டு பாத்தாலும் அதே பலூன்தானே” என்றார். நாங்கள் தரையில் நின்றே பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது.

பகலுக்கு ஒரு வழிகாட்டியோடு செல்லும் சுற்றுலாவில் சேர்ந்தோம். ‘பச்சைச் சுற்றுலா’ என்று பெயர். ஒரு வேனில் பல நாட்டவர்கள். வழிகாட்டி முப்பது வயதுக்குட்பட்ட துருக்கி இளைஞர், ஆங்கிலத்தில் பேசினார். எனக்கு அரபு வரும், அவருக்கு வராது. ஆகவே மகள்தான் அன்று முழுவதும் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்.

முதலில் தெரின்குயு. ‘ஆழக் கிணறு’ என்று பொருள். மேலே பார்த்தால் சாதாரணமான ஒரு சிற்றூர். கடைகள், தலையில் துணி கட்டிய கிழவிகள், பொம்மை விற்கும் பிள்ளைகள். இந்த ஊருக்குக் கீழே ஏறக்குறைய 85 மீட்டர் ஆழத்துக்கு இன்னொரு ஊர் இருக்கிறது. 1963இல் ஒருவர் தம் வீட்டைத் திருத்துவதற்குச் சுவரை உடைத்தபோது அதற்கு அப்பால் ஓர் அறையும், அறைக்கு அப்பால் ஒரு வழியும் தெரிந்தன. அப்படித்தான் மறந்துபோன நகரம் மீண்டும் வெளிப்பட்டது.

இறங்கும் வழி சில இடங்களில் ஒருவர் குனிந்து போகும் அளவுதான். மேலே ஏறுகிறவர்கள் வந்தால் இறங்குகிறவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். அபாயா அணிந்த சகோதரிகள் செருப்பை விட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொள்வது நல்லது. முட்டுக்கால் நோவு, ஆஸ்துமா, மூடிய இடத்தில் மூச்சு முட்டும் தன்மை உள்ளவர்கள் மேலேயே இருந்துகொள்ளலாம். எங்கள் குழுவில் இருவர் அப்படி இருந்துகொண்டார்கள். வெளியே நல்ல வெயில். உள்ளே 13 பாகையளவு குளிர். கோடையிலும் மாரியிலும் பெரிய மாற்றம் இல்லையாம்.

முதல் தளங்களிலே கால்நடைத் தொழுவங்கள். ஆடுமாடுகளை ஆழத்துக்கு இறக்க முடியாதல்லவா? தீனித் தொட்டியும், கயிறு கட்டப் பாறையிலேயே துளைத்த வளையமும் அப்படியே உள்ளன. அதற்குக் கீழே களஞ்சியங்கள், திராட்சை பிழியும் தொட்டிகள், கூரை கறுத்த சமையலறைகள், பிள்ளைகள் படித்த இடம் என்று சொல்லப்படும் நீண்ட மண்டபம், அடியில் சிலுவை வடிவில் ஒரு தேவாலயம். 55 மீட்டர் நீளமான ஒரு காற்றுக் குழாய் மேலிருந்து கீழே போகிறது. அதுவே கிணறாகவும் பயன்பட்டிருக்கிறது. 20,000 பேர் வரை தங்கியிருக்கலாம் என்கிறார்கள். எங்கள் வரிப்பத்தான்சேனையோடு இறக்காமம் பிரதேசம் முழுவதையும் உள்ளே இறக்கிவிட்டாலும் இடம் மிஞ்சும்.

என்னை நிறுத்தி வைத்தது அங்குள்ள கதவுகள். திரிகைக் கல்லைப் போன்ற வட்டக் கல், ஓர் ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவு, அரைத் தொன் வரை நிறை. பக்கத்து மாடத்தில் நிறுத்தி வைத்து, ஆபத்து வந்ததும் உருட்டி வழியை அடைத்துவிடுவார்கள். உள்ளேயிருந்து மட்டும்தான் திறக்கலாம். நடுவில் ஒரு துளை. வெளியே நிற்பது யார் என்று பார்க்கவும், தேவைப்பட்டால் ஈட்டியால் குத்தவும். ஒவ்வொரு தளத்தையும் தனித்தனியே அடைத்துக்கொள்ள முடியும்.

அந்தக் கல்லின் பக்கத்தில் நின்றுதான் வழிகாட்டி, “இங்கே இருந்த கிறிஸ்தவர்கள் அரபுப் படைகளுக்குப் பயந்து ஒளிந்தார்கள்” என்றார். மகள் அதை மொழிபெயர்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “வாப்பா, நம்மட ஆக்களுக்குப் பயந்தா இவங்க ஒளிச்சிருந்த?” என்று கேட்டாள்.

எங்களோடு வந்த ஊரவர் ஒருவருக்கு ஆங்கிலம் ஓரளவு விளங்கும். அவர் என் காதருகே வந்து, “ஹஸ்ரத், இவன் வெள்ளைக்காரனைச் சந்தோசப்படுத்தக் கதை கட்டுறான்” என்றார். அவருடைய மார்க்கப் பற்றை நான் மதிக்கிறேன். ஆனால் அது கட்டுக்கதை அல்ல. இமாம் தபரீயின் வரலாற்று நூலில் ஹிஜ்ரி 216 (கி.பி. 831) நிகழ்ச்சிகளைப் படித்தவர்களுக்கு ஞாபகமிருக்கும்: கலீபா மஃமூன் ரோம நாட்டின் மீது படையெடுத்தபோது, அவருடைய சகோதரர் அபூ இஸ்ஹாக், அதாவது பின்னர் முஃதஸிம் என்ற பெயரில் கலீபாவானவர், முப்பது கோட்டைகளையும் மத்மூராக்களையும் கைப்பற்றினார் என்று அங்கே வருகிறது. மத்மூரா என்றால் தானியம் சேமிக்கும் நிலக்குழி என்றுதான் அரபுக் கல்லூரியில் அகராதியைப் பார்த்து எழுதிக்கொண்டோம். தானியக் குழியை ஏன் கோட்டையோடு சேர்த்துக் கைப்பற்ற வேண்டும் என்று அன்று எவரும் கேட்கவில்லை. தெரின்குயுவின் அடியில் நின்றபோதுதான் அந்தச் சொல்லின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது. அந்தக் குழிகளுக்குள் இருந்தது நெல்லல்ல, ஆட்கள்.

மகளுக்கு உண்மையைத்தான் சொன்னேன். “ஓம் மகள், நம்மட ஆக்களுக்குப் பயந்துதான்.” ஏழாம் நூற்றாண்டு தொடக்கம் பல தலைமுறைகள் இந்த நிலம் இரு பேரரசுகளின் எல்லையாக இருந்தது. கோடைதோறும் புறப்படும் படைக்கு அரபியில் ‘ஸாஇஃபா’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தவர்களும் சும்மா இருக்கவில்லை. 965இல் ரோமச் சக்கரவர்த்தி நிகெபோரஸ் தர்ஸூஸ் நகரைப் பிடித்தபோது அங்கிருந்த முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. இந்தச் சுரங்கங்களும் அரபுப் படைகளுக்காக மட்டும் தோண்டப்பட்டவையல்ல. தொடக்கம் அதற்கு வெகு முந்தியது. பிற்காலத்தில் மங்கோலியப் படைகளுக்குப் பயந்தும் இங்கேதான் இறங்கினார்கள்.

மகள் விடவில்லை. “பெண்கள், பிள்ளைகள், துறவிகளைத் தொடக் கூடாது, காய்க்கிற மரத்தை வெட்டக் கூடாது என்டு அபூபக்கர் (ரழி) அவங்க படைக்குச் சொன்னதாத்தானே நீங்க படிப்பிச்ச?” என்றாள். சொன்னது உண்மை. அந்தக் கட்டளை மார்க்கம். அதைப் பிற்காலத்து அரசர்களின் படைகள் எவ்வளவு பேணின என்பது வரலாறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பிள்ளைகளுக்குப் படித்துக்கொடுத்தால், அவர்கள் இப்படி ஒரு கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும்போது தடுமாறிப் போவார்கள். நான் ஓர் ஆசிரியர் என்ற முறையில் இதைச் சொல்லுகிறேன்.

மனைவிக்கு அரசர்களில் அக்கறையில்லை. சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி: “கைப்பிள்ளை அழுதா என்ன செஞ்சிருப்பாங்க?”

வழிகாட்டியிடம் இதற்குப் பதில் இருக்கவில்லை. எனக்கு ஒரு பதில் தெரியும். 1990இல் எனக்குப் பத்து வயது. அந்த ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். அந்த நாட்களில் எங்கள் பக்கத்திலும் பெண்களும் பிள்ளைகளும் இரவானால் ஒரே வளவில் கூடிப் படுப்போம். ஆண்கள் வெளியே காவல். விளக்கை அணைத்துவிடுவார்கள். தம்பி அப்போது பால்குடி. அவன் சிணுங்கத் தொடங்கினால் உம்மா சீனித் தண்ணீரில் நனைத்த துணியை வாயில் வைப்பார். அதற்கும் அடங்காவிட்டால் நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொள்வார். எவ்வளவு இறுக்கமென்றால், மூச்சு விடுகிறானா என்று மாமி தடவிப் பார்ப்பார். கப்பதோக்கியாவின் தாய்மாரும் வேறு எதைச் செய்திருக்க முடியும்?

அதே ஆகஸ்ட் மாதத்தில், எங்களுக்கு எட்டிய தூரத்திலுள்ள வீரமுனையில், கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ்க் குடும்பங்களும் கொல்லப்பட்டன. அங்கேயும் பால்குடிப் பிள்ளைகள் இருந்திருக்கும். நம் வீடுகளில் முதலாவதைப் பேசுகிறோம், இரண்டாவதைப் பேசுவதில்லை. நான் பேசியிருக்கிறேன் மகளிடம், அந்தப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது.

தவ்ர் குகையில் நபி (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரழி) அவர்களும் மூன்று இரவுகள் ஒளிந்திருந்தபோது, இடுப்புக் கச்சையைக் கிழித்து உணவு மூட்டையைக் கட்டிக் கொடுத்தவர் அஸ்மா (ரழி) என்ற இளம் பெண். குகைத் தோழர்களும் கொடுங்கோலனுக்குப் பயந்து ஒளிந்த வாலிபர்கள்தாம். ஒளிந்திருப்பவரின் அச்சம் நம் மார்க்கத்துக்கு அந்நியமானதல்ல.

மேலே வந்தோம். சுரங்கத்தின் பக்கத்திலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய ஒரு கல் தேவாலயம் பூட்டிக் கிடக்கிறது. அதில் தொழுதவர்கள் எங்கே? 1923இல் துருக்கியும் கிரேக்கமும் ஒப்பந்தம் செய்து குடிமக்களை மாற்றிக்கொண்டன. அனதோலியாவின் கிறிஸ்தவர்கள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கிரேக்கத்துக்கு. அங்கிருந்த முஸ்லிம்கள் மூன்றரை இலட்சத்துக்குமேல் துருக்கிக்கு. பிரித்தது மொழியைப் பார்த்தல்ல, மதத்தைப் பார்த்து. கிறிஸ்தவர்களில் துருக்கி மொழி மட்டுமே பேசத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் போனபின் சுரங்க வழிகளும் மறந்துபோயின. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1909இல் அதானாவில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்ட செய்தி வந்தபோதுகூட அக்சோ என்ற கிராமத்தவர்கள் சில இரவுகள் நிலத்துக்கடியில்தான் படுத்தார்கள் என்று அப்போது அங்கே மொழியாய்வு செய்த தோகின்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் எழுதியிருக்கிறார். தமிழே தாய்மொழியான வட மாகாண முஸ்லிம்கள் 70,000 பேருக்குமேல் 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்டது இதைக் கேட்கும்போது எவருக்கு நினைவு வராது? புத்தளத்து முகாம்களில் அவர்களைச் சந்தித்த சகோதரிகள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள்.

பிறகு இஹ்லாரா பள்ளத்தாக்கு. ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளம். இரு பக்கமும் செங்குத்தான பாறை. நடுவே மெலெண்டிஸ் என்ற ஆறு. படிகள் முந்நூற்றுக்குமேல். இறங்கிவிட்டால் மர நிழலில் நடப்பது எளிது. பாறையில் குடைந்த சிறு தேவாலயங்களின் சுவரோவியங்களில் பலவற்றுக்குக் கண்களைச் சுரண்டியிருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. உருவப்படம் நமக்கு வேண்டாம். அதற்காக அடுத்தவர் வணக்கத்தலத்துச் சுவரில் கை வைக்கும் உரிமை வந்துவிடாது.

பெலிசிர்மா என்ற கிராமத்தில், ஆற்றின் மேலேயே பலகை பரப்பிய உணவுச்சாலையில் பகலுணவு. பருப்புச் சூப், ரொட்டி, பொரித்த ஆற்று மீன், உப்புப் போட்ட மோர். மோரை மனைவி மெச்சினார். ஆனால் நம் எருமைத் தயிருக்கு ஈடில்லை என்றும் தீர்ப்புச் சொன்னார். லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். சுற்றுலா வண்டிகள் தொழுகைக்கென்று நிற்பதில்லை. காலையிலேயே சொல்லிவைத்தால் பகலுணவு நேரத்தில் பத்து நிமிடம் தருவார்கள். செலிமே என்ற இடத்து மலைக்குடைவு மடத்தையும் புறாப் பள்ளத்தாக்கையும் பார்த்தோம். புறா எச்சத்தைத் திராட்சைத் தோட்டத்துக்கு உரமாக்கப் பாறையில் ஆயிரக்கணக்கில் கூடு குடைந்திருக்கிறார்கள். இடையில் ஒரு நகைக்கடையில் அரை மணிநேரம் இறக்கிவிட்டார்கள். எந்த நாட்டுச் சுற்றுலாவுக்கும் இது தப்பாது போலும்.

திரும்பும்போது மகள் வழிகாட்டியிடம் அவர் குடும்பம் எந்த ஊர் என்று கேட்டாள். பாட்டியின் தாயார் கிரேக்கத்திலிருந்து 1920களில் அனுப்பப்பட்ட முஸ்லிம் பெண் என்றார். வந்தபோது அந்தப் பெண்ணுக்குக் கிரேக்க மொழி மட்டும்தான் தெரியுமாம். கிறிஸ்தவர்கள் விட்டுப்போன ஒரு வீட்டைக் கொடுத்தார்கள்; அக்கம்பக்கத்தவர்கள் அவரைக் ‘காபிர் மொழிக்காரி’ என்றார்களாம்.

“பிறகு எந்த மொழியில பேசினாவாம்?” என்று மனைவி கேட்கச் சொன்னார்.

சந்தையில் துருக்கி மொழி என்றார் அவர். பிள்ளைகளைத் தாலாட்டும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கிரேக்கம்.