அலுமினியத்துக்கு ஏத்த ஜோடி எது?

கிருஷ்ணகிரியில் ஓசூர் பஸ் ஏறினால் வழியில் வருவது எங்க குருபரப்பள்ளி. ஹைவேயில் நிற்கிற வண்டியில் எல்லாரும் பெயிண்ட்டைப் பார்ப்பாங்க. நான் போல்ட்டைப் பார்ப்பேன். சிரிக்காதீங்க பாஸ், இதுவும் ஜாதகப் பொருத்தம்தான்!

ரெண்டு வேற வேற உலோகம் தொட்டுக்கிட்டு, நடுவுல அழுக்கு மழைத்தண்ணி நின்னா அது குட்டி பேட்டரி. 1800-ல் வோல்டா காட்டிய அதே சமாச்சாரம். ஸ்டீலோடு சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம்.

அப்போ ஸ்டெயின்லெஸ் போல்ட் வேண்டாமா? பெரிய அலுமினிய ஷீட்டில் சின்ன போல்ட்னா பெரும்பாலும் தாங்கும். தலைகீழா, பெரிய ஸ்டீல் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் அடிச்சா, மொத்த அரிப்பும் ரிவெட் தலையிலதான் விடியும். செம்பு, பித்தளையை அலுமினியம் பக்கமே விடாதீங்க.

1763-ல் பிரிட்டிஷ் கடற்படையின் ‘அலார்ம்’ கப்பலைச் சோதிச்சாங்க. அடியில் போர்த்திய செம்புத் தகட்டைத் தொட்ட இரும்பு ஆணிகள் அரிச்சுப் போயிருந்தன. நடுவில் பழுப்புக் காகிதம் கிழியாம இருந்த இடத்தில் ஆணிகள் தப்பிச்சிருந்தன! இன்னிக்கு அந்தக் காகிதத்தோட வேலையைச் செய்வது நைலான் வாஷரும் ஸ்லீவும்.

நாளைக்கு டிசைன் டேபிளில் உட்காரப் போறது நீங்க. பஸ்ஸில் கம்பியைப் பிடிச்சுத் தொங்கப் போறது உங்க ஜூனியர். போல்ட்டைப் பார்த்துப் போடுங்க!