பாடம் கேட்ட அம்மாக்கள்

2024 நவம்பரில் தில்லியின் காற்று நஞ்சானபோது பள்ளிகள் மூடப்பட்டன. ‘பாடங்கள் ஆன்லைனில் தொடரும்’ என்று அறிவிப்பு வந்தது. பல வீடுகளில் இருப்பது ஒரே ஒரு போன், அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்பதை இப்படிப்பட்ட அறிவிப்புகள் கண்டுகொள்வதில்லை. வீட்டில் ஒரு அம்மா இருக்கிறாள் என்பதும் அவற்றை எழுதுபவர்களின் நினைவுக்கு வருவதில்லை.

கொரோனா காலத்திலும் இதே கதைதான். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, சுமார் 25 கோடிப் பிள்ளைகள் வீட்டில் முடங்கினார்கள். டி.வி., வாட்ஸ்அப், செயலி என்று அரசுகள் வழி தேடின. 2021 ஆகஸ்டில் பொருளாதார அறிஞர் ழான் த்ரேஸ் உள்ளிட்ட குழுவினர், 15 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 1,400 பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தினார்கள். கிராமங்களில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 சதவிகிதம்தான். 37 சதவிகிதம் பேர் படிப்பதையே விட்டிருந்தார்கள்.

போன் வாங்கிய வீடுகளிலும் பிரச்சினை தீரவில்லை. பிரதம் நிறுவனத்தின் 2021 ‘ஏசர்’ அறிக்கைப்படி, ஸ்மார்ட்போன் இருந்த வீடுகளில்கூட நாலில் ஒரு பிள்ளைக்கு அது படிக்கக் கிடைக்கவில்லை. கிராமப்புற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018இல் 27.3 சதவிகிதம். 2022இல் இது 20.5 சதவிகிதமாகச் சரிந்தது. 2024இல்தான் 27.1 சதவிகிதத்துக்கு ஏறியது. பழைய நிலையே ஒன்றும் பெருமைப்படத் தக்கதல்ல. அதை எட்டிப் பிடிக்கவே இத்தனை காலம் பிடித்தது.

ஆனால் அதிகம் பேசப்படாத இன்னொரு கணக்கும் உண்டு. 2020 ஏசர் ஆய்வின்படி, ஏறக்குறைய முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு வீட்டில் யாரோ ஒருவர் படிக்க உதவியிருக்கிறார். அப்பாவும் அம்மாவும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத வீடுகளில்கூட, பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இந்த உதவி கிடைத்தது. இத்தகைய வீடுகளில் பெரும்பாலும் அக்காவோ அண்ணனோதான் வாத்தியார்.

“நானே கைநாட்டு, எனக்கென்ன தெரியும்?” என்று ஒதுங்கும் அம்மாவிடம் யாராவது விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, கேட்டால் போதும். தினமும் அரை மணி நேரம் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லலாம். எழுத்து தெரியாத காதுக்கும் தடுமாற்றம் தெரியும். வாசித்த பிறகு, “என்ன கதை, எனக்குச் சொல்லு” என்று கேட்கலாம். தில்லியில் வீட்டு வேலை செய்து பிழைக்கும் தமிழ்ப் பெண்ணின் மகன் பள்ளியில் இந்தியில் படிக்கிறான். அந்தக் கதையை அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டுமானால் முதலில் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். மனப்பாடம் அங்கே செல்லாது. கணக்குக்குப் பால் பாக்கியும் காய்கறிச் செலவும் இருக்கின்றன. கூட்டிப் பழகத் தாயமும் பல்லாங்குழியும் இருக்கின்றன.

இது வெறும் ஆசை அல்ல என்பதற்கு மேற்கு வங்கத்தில் உதாரணம் உண்டு. மேற்கு வர்த்தமான் மாவட்டத்தின் ஜோபா ஆத்பாரா என்ற பழங்குடிக் கிராமத்தில், ஆசிரியர் தீப் நாராயண் நாயக் வீட்டுச் சுவர்களில் கரும்பலகை தீட்டித் தெருவிலேயே வகுப்பு நடத்தினார். பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றோரும் பாட்டிமாரும் அவர்களிடமிருந்தே எழுத்துப் பழகினார்கள். அம்மாவுக்கு ‘அ’ போடச் சொல்லித்தருகிற பிள்ளை தன் ‘அ’வை மறப்பது சிரமம்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ‘வீடே பள்ளி’ என்று முழங்கிவிட்டு அரசு கைகழுவிவிடலாம். பகலெல்லாம் உழைத்துத் திரும்பும் பெண்ணின் தலையில் இன்னொரு சுமை ஏறும். பல வீடுகளில் அது அக்காவின் தலையில் ஏறி, அவளுடைய படிப்பைக் கெடுக்கும். ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ராவை எந்த அம்மாவும் கேட்டே சரிசெய்துவிட முடியாது. ஆசிரியருக்கு மாற்று ஆசிரியர்தான்.

ஆனாலும் பள்ளி மூடுகிற அறிவிப்பில் நாலு வரி கூட்டுவதற்குப் பெரிய செலவு ஆகாது. இன்று எந்தப் பக்கம், என்ன கேட்க வேண்டும், எவ்வளவு நேரம் என்பதை அம்மாவின் மொழியில் சொன்னால் போதும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதையே குரலில் பதிந்து அனுப்பலாம். சாதாரண போன் உள்ள வீட்டை வாரம் ஒருமுறை ஆசிரியர் கூப்பிட்டு, “பையன் என்ன கதை சொன்னான்?” என்று அம்மாவிடம் விசாரிக்கலாம். பள்ளி தன்னையும் ஒரு பொருட்டாக மதிக்கிறது என்று தெரிந்தால், அடுத்த முறை கதவு மூடும்போது அவள் ஒதுங்கி நிற்க மாட்டாள்.